மறுப்பு நோட்டீஸ்

பேச்சு போய்ப் படுத்திருக்கிற மனுஷனிடம் வந்து கட்சிப் பெருமை அளக்கிறவரை என்ன சொல்வது?

மகள் கொதித்துப் போயிருந்தாள். அம்மாவோ அந்த ஆளுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

ஊரில் அவருக்குக் குழாய் என்று பெயர். மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கும் குரல். அப்பா அச்சாபீஸ்காரர், நேர் எதிர்க் கட்சி. சாயங்காலம் குழாய் மேடையில் ஒன்று சொன்னால் போதும். மறுநாள் பால் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு அப்பாவின் மறுப்பு நோட்டீஸ் கிடக்கும். ஒன்றைக்கூட அவர் சும்மா விட்டதில்லை.

குழாயும் லேசுப்பட்டவரில்லை. அடுத்த கூட்டத்தில் அதே நோட்டீஸைத் தூக்கிக் காட்டி, மையில்கூடக் கலப்படம் என்பார். தெருவிளக்கு எரிந்தால் எங்களால், அணைந்தால் உங்களால். இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் ஜனங்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள், வேடிக்கை பார்க்க.

தேர்தல் சமயத்தில் அப்படியொரு சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர்தான் அப்பா. சட்டையைக் கழற்றும்போதே சரிந்தார். வலது கையும் பேச்சும் போயின. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். பூனை, நாற்காலி, தண்ணீர் என்று படம் படமாகக் காட்டினாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பேசணும்னு அவருக்கே தோணணும்மா. இப்படியே விட்டா வராமலே போயிடலாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த லட்சணத்தில்தான் குழாய் வர ஆரம்பித்திருந்தார். மகள் ஆபீஸ் போன பிறகு, தினமும். அன்று தலைவலி என்று பாதியில் திரும்பியதால் அவள் கண்ணில் பட்டது.

"என்னம்மா இது? அப்பாவை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்ததே இவர்தானே?"

அம்மா டீயில் சர்க்கரை போட்டாள்.

உள்ளே குழாய் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர்த் தொட்டி யார் கொண்டுவந்தது, பள்ளிக்கூடத்துக்கு மாடி யார் எழுப்பியது என்று அவரே கேட்டு, நாங்கள்தான் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். உங்க ஆளுங்க என்னய்யா கிழிச்சாங்க என்று நடுநடுவே ஒரு குத்து.

மகள் நேரே போய் நின்றாள்.

"போதும் சார், எழுந்திருங்க." மாமா என்று கூப்பிட்டே வளர்ந்தவள். "பதில் சொல்ல முடியாத ஆள்கிட்ட ஜெயிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

குழாய் அவள் பக்கம் திரும்பவே இல்லை. குரலை மட்டும் ஒரு பிடி ஏற்றினார்.

"அவ்வளவு ஏன், ஆத்துப் பாலம்கூட நாங்க கட்டினதுதான்யா."

மகளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பாலம் கேட்டு மறியல் பண்ணி போலீஸ் வேனில் ஏறியவர் அப்பா. பாலமே வேண்டாம் என்று கொடி பிடித்தது குழாயின் கட்சி. இப்படி ஒரு பச்சைப் பொய்யை அவர் மேடையில்கூடச் சொன்னதில்லை.

கட்டில் கிறீச்சிட்டது.

அப்பாவின் இடது கை விரிப்பைக் கொத்தாகப் பிடித்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் கோணித் திறந்தது. முதலில் வெறும் காற்றுதான் வந்தது.

"பொ..."

மகளின் தோளிலிருந்து பை நழுவி விழுந்தது.

குழாய் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். முகத்தில் அந்த இளக்காரம் மட்டும் அப்படியே இருந்தது.

"என்னய்யா முனகறே? காதுல விழலை. நாங்கதான் கட்டினோம்."

"பொய்." அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "நா... நாங்க."

அம்மா டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பா தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை, யாரும் கேட்காமலே, நாங்க என்றார்.



"ஆதாரம் இருந்தா நாளைக்குச் சொல்லு" என்று எழுந்து குழாய் வெளியே நடந்தார். மகள் பின்னாலேயே ஓடினாள். அவர் வராந்தாவில் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா..." குழாயே விஷயத்தைச் சொன்னார்.

அம்மாதான் வரச் சொல்லி ஆள் அனுப்பினாளாம். பேசணும்னு தோணணும் என்றால் ஊரில் வேறு யாரைக் கூப்பிடுவது?

"அப்ப இத்தனை வருஷமா எதுக்கு மாமா ஒருத்தரை ஒருத்தர் அந்தத் திட்டுத் திட்டிக்கிட்டீங்க?"

"அவர் கட்சி தப்புன்னு இன்னிக்கும் சொல்வேன். அதுல மாத்தமில்ல." குழாய் குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரலுக்குத் தாழவும் தெரியும் என்பதே அவளுக்குப் புதுசு. "ஆனா இப்ப நான் மேடையில என்ன சொன்னாலும் கைதட்டுறாங்கம்மா. போன கூட்டத்துல ஒரு விஷயத்தைத் தலைகீழாச் சொல்லிட்டேன். விடிஞ்சதும் வாசலைப் பார்த்தேன், நோட்டீஸ் இல்ல. பயமாப் போச்சு."

படியிறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியையும் நாங்கதான் கட்டினோம்னு சொல்லப்போறேன். கொஞ்சம் நீள வார்த்தை. பழகட்டும்."