கைலாசம் வீட்டு காமெடி சேனல்

“காரியம் முடிஞ்ச பந்தலைக்கூட இன்னும் பிரிக்கல. அதுக்குள்ள இவனுக்கு காமெடி கேக்குதா?”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முத்தாயம்மாள் ஆரம்பித்துவிட்டாள். மனைவியைப் பறிகொடுத்த தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று பார்க்க ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள்.

உள்ளே டிவியில் யாரோ யாரையோ விரட்டி விரட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. எதிரே நாற்காலியில் கைலாசம்.

மலர்விழிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மா போனதிலிருந்து அப்பாவுக்குச் சமைத்துப் போட அவள்தான் புகுந்த வீட்டை விட்டு வந்து கூட இருக்கிறாள். மத்தியானம் ஆனால் தினமும் இதே கூத்து. துக்கம் கேட்க வருகிறவர்கள் டிவியைப் பார்ப்பார்கள், அப்பாவைப் பார்ப்பார்கள், ரெண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து போவார்கள். தெருவில் இறங்கியதும் என்ன பேசுவார்கள் என்று சொல்லவா வேண்டும்?

“கைலாசம், அந்தக் கருமத்தை நிறுத்துடா.”

“கொஞ்ச நேரம் பொறுத்துக்கக்கா. முடிஞ்சுரும்.”

“அவ இருந்தப்ப நீ இந்த டிவிப் பக்கமே வந்ததில்லையே. அவ போனது உனக்கு அத்தனை சந்தோசமா?”

கைலாசம் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இனி உன்ற ஊட்ல நான் கை நனைக்க மாட்டேன்” என்று முத்தாயம்மாள் திரும்பி வாசலுக்குப் போய்விட்டாள்.

அதற்கு மேல் மலர்விழியால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று வந்து ரிமோட்டை எடுத்தாள்.

கைலாசம் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாத்திப்போடாத சாமி! சபரி பாத்துட்டு இருப்பான்.”

“சபரி மெல்பர்ன்ல இருக்கானுங்கப்பா.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

டிவிக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டினார். தம்பி சபரிநாதன் ஆஸ்திரேலியா போகும்போது வைத்துவிட்டுப் போனது. நம்ம ஊர் நிகழ்ச்சிகள் பலதும் அங்கே வராது. இந்தப் பெட்டி வழியாக விபிஎன் போட்டால், நாமக்கல் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற கணக்கில் எல்லாம் வந்துவிடும் என்று அப்பாவுக்கும் சொல்லியிருந்தான். ஆயுசுக்கும் லாரி ஓட்டிய கைலாசம் அதைத் தனக்குத் தெரிந்த வழியில் புரிந்துவைத்திருந்தார்.

“இங்க லோடு ஏத்துனாத்தான சாமி அங்க இறக்க முடியும்? நான் வேற சேனல் வெச்சா அவனுக்கும் மாறிப் போயிருமல்ல?”

மலர்விழி ரிமோட்டைத் தாழ்த்தினாள்.

“அவங்கம்மா மொகத்தைக் கடைசியா செல்போன்லதான் பாத்தான். பொறப்பட்டு வாரேன்னான். நீ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுரும், அங்கயே இருன்னு நாந்தான் தடுத்துப்போட்டேன். புள்ள ஒத்தையில கெடக்கறான். சின்னதுல இருந்து அவனுக்கு இந்தச் சேனல்னா உசுரு. வேலை முடிஞ்சு வந்து, இதைப் பாத்து ஒரு வாட்டி சிரிச்சானா, ஒரு வாய் சோறு திம்பானில்ல? அதுக்குத்தான் ஊரு பேசறதைக் காதுல வாங்காம ஒக்காந்திருக்கறேன்.”

மலர்விழிக்கு, பெற்ற அப்பாவைத் தானும் நாலு பேரோடு சேர்ந்து தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. வாசலில் முத்தாயம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, அது அப்படி இல்லீங்க. நீங்க டிவியே போடலைன்னாலும் பெட்டி ஓடிட்டிருந்தாப் போதும், அவனுக்கு வரும்.”

“உனக்குத் தெரியாது. தினமும் அவனைக் கேக்கறேன், தெளிவா வந்துச்சா சாமின்னு. ரொம்ப நல்லா வந்துச்சுங்கப்பாங்கறான்.”

சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அவன் வாயாலேயே சொல்லட்டும் என்று மலர்விழி தம்பியைச் செல்போனில் அழைத்து, அப்பாவுக்குக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

“சொல்லுங்க்கா” என்றான் சபரி. அவன் குரலுக்குப் பின்னால் இதே சிரிப்புச் சத்தம் கேட்டது.

“காமெடி சேனலா பாத்துட்டிருக்கற?”



“அப்பா பக்கத்துல இல்லையே?” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவள் பதில் சொல்வதற்குள் அவனே பேசினான்.

“எனக்கு இதைக் கண்ணெடுத்துப் பாக்க முடியலைங்க்கா. சிரிப்புச் சத்தம் கேட்டாலே அம்மா ஞாபகந்தான் வருது. ஆனா அப்பா தினமும் ஃபோன் பண்ணி, பாத்தயா, தெளிவா வந்துச்சான்னு ஆசையாக் கேக்கறாரு. நானும் அவரும் சேந்து ஒக்காந்து பாக்கற மாதிரி அவருக்கு ஒரு ஆறுதல் போல. அந்த நேரமாவது மனுசன் எல்லாத்தையும் மறந்து இருக்கட்டும்னுதான் வேலை விட்டு ஓடி வந்து போட்டு வெச்சுட்டு ஒக்காந்திருக்கறேன். நீங்க எதுவும் சொல்லிராதீங்க.”

மலர்விழி அப்பாவைப் பார்க்கப் பயந்தாள்.

கைலாசம் ரிமோட்டை வாங்கி டிவியை நிறுத்தினார். வீடு அமைதியானது. செல்போனிலிருந்து மட்டும் இன்னும் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

அவர் குனிந்து ஃபோனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“நீயும் நிறுத்திப்போடு சாமி. ரெண்டு பேரும் அம்மாவுக்கு அழுவலாம்.”