புள்ளிக்குப் பின்னால்

"சார், இது காலேஜ் பசங்க பண்ற தப்பு," என்றாள் இரம்.

ஓசூர் சிப்காட்டில் அந்த எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவள் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. சாஃப்ட்வேர் பிரிவின் லீடர் திம்மப்பன் மெதுவாக எட்டிப் பார்த்தார்.

"எதும்மா?"

"அசெம்ப்ளி லைன்ல இருக்கறவங்க பாத்ரூம் போய்வர ஏழு நிமிஷம். தாண்டினா பேரு சிவப்பு லிஸ்ட்ல வரணும். நீங்க நிமிஷத்தை இன்ட்டுன்னு போட்டு வெச்சிருக்கீங்க. அது முழு எண்ணை மட்டுந்தான் வெச்சுக்கும். ஏழு புள்ளி ஒன்பது ஆனாலும் ஏழுன்னே எழுதும். ஃப்ளோட்டுன்னு போட்டாத்தான் புள்ளியோட வரும்."

"ஓ," என்றார் திம்மப்பன். "சரி, மாத்திடும்மா."

அவ்வளவுதான். முகத்தில் கொஞ்சம் வெட்கம்கூட இல்லை. இவரெல்லாம் எப்படி லீடரானார் என்று இரமுக்கு ஆச்சரியம்.

மறுநாள் சிவப்பு லிஸ்ட்டில் அறுபத்தொரு பேர். வழக்கமாக மூன்று பேர் தேறினால் அதிகம். மேனேஜர் இரமைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

அந்தப் பெருமையோடு லைன் பக்கம் போனாள். அறுபத்தொன்றில் ஒருத்தியான செல்லி, சூப்பர்வைசர் முன்னால் நின்றிருந்தாள்.

"ஓடித்தானுங்க போனேன். ஓடித்தானுங்க வந்தேன்."

இரமுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. செல்லியின் இடத்தில் நின்று செல்போனில் டைமரைத் தட்டிவிட்டு நடந்தாள். லைனுக்குள் வர மாட்டியிருந்த கோட்டைக் கழற்றி, தொப்பியைக் கழற்றி, ஷூ மாற்றி, நீள வராந்தாவைக் கடந்து, திரும்பி வந்து எல்லாவற்றையும் மாட்டி நின்றபோது ஏழு புள்ளி ஆறு. இத்தனைக்கும் பாத்ரூமுக்குள் போகவே இல்லை. கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள்.

நேராகப் போய் ஃப்ளோட்டை மறுபடியும் இன்ட் ஆக்கினாள். 'மாற்றியதற்குக் காரணம்?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. எழுந்து திம்மப்பனிடம் போனாள்.

"சார், நான் திருப்பி மாத்திட்டேன். காரணம் கேக்குது. மேனேஜர் வேற பார்ப்பாரு. என்ன எழுதட்டும்?"

திம்மப்பன் வேலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உனக்கு முன்னால சேர்ந்த மூணு பேரும் இதே மாதிரி மாத்தி, மறுநாளே திருப்பி வெச்சாங்கம்மா. நான் அவங்களுக்குச் சொன்னதையே நீயும் எழுதிடு."

"என்ன சார் அது?"

"'திம்மப்பன் சாருக்குப் புள்ளிக் கணக்கு புரியல, முழு எண்ணாவே வைக்கச் சொல்லிட்டாரு'ன்னு."