ஐந்தாம் இடத்துப் பாடகன்

"மாப்பிள்ளை பேரு என்ன?" என்று மண்டப வாசலில் நின்று கேட்டார் தொலெகென்.

"உள்ளே எழுதிப் போட்டிருப்பாங்க. பாத்துக்கலாம், வாங்க," என்றாள் அவர் மனைவி ராபிகா.

"முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்திருக்கேன். இந்தத் தராஸ் ஊர்ல பாதிப் பேரு என்கிட்ட படிச்சவங்க. எவனாவது பாத்தா, ஓசிச் சோத்துக்கு அலையறாருன்னு பேச மாட்டானா?"

"பேசட்டும். அவனையே இன்னும் ரெண்டு துண்டு குதிரைக்கறி வைக்கச் சொல்லுங்க."

அழைப்பில்லாத கல்யாணத்துக்கு அவர்கள் போவது இது பதினாலாவது தடவை. எல்லாம் எர்சாத்துக்காக.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் ஐந்தாவதாக வந்தவன் எர்சாத். அந்தப் போட்டியில் பாடிய பன்னிரண்டு பேரும் இன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்று ராபிகாவைக் கேட்டால் போதும். முதலில் வந்தவன் கம்பள விளம்பரத்தில் பாடுகிறான். இரண்டாவதாக வந்தவள் தலைநகர் அஸ்தானாவில் பல் டாக்டர். நடுவரோடு சண்டை போட்டவன் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். "அடங்கிட்டான், பாவம்," என்பாள்.

எர்சாத் கல்யாணங்களில் பாடுகிறான். எந்த மண்டபம், எத்தனை மணி என்று தன் இணையப் பக்கத்தில் போடுவான். உடனே ராபிகா நல்ல தலைத்துணியைத் தேட ஆரம்பிப்பாள்.

உள்ளே நுழைவது சுலபம். பெண் வீட்டார் கேட்டால் மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பெண் வீடு. சம்பந்தி வீட்டு ஆளை யார், என்ன என்று துருவிக் கேட்க எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. உட்காரவைத்துத் தேநீர் ஊற்றிவிடுவார்கள்.

இன்றும் அப்படித்தான். மேடையோரத்து மேசையில் இடம் கிடைத்தது.

எர்சாத் பாட ஆரம்பித்தான். அதே நேரத்தில் கறித்தட்டுகளும் வந்தன. முன்னூறு பேரும் தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ராபிகா மட்டும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பிடு, ஆறிடும்," என்றார் தொலெகென்.

"அவன் பாடறப்ப ஒரு வாயாவது மெல்லாம இருக்கணும். கேக்க ஒரு ஆள்கூட இல்லைன்னா, பாட்டை விட்டுட்டு வேற வேலைக்குப் போயிடுவான்."

"நீ கேட்டாப் போகாம இருப்பானா?"

"இருப்பான். அன்னிக்கு உங்க போன்லயிருந்து அவனுக்கு எட்டு ஓட்டுப் போட்டவ நான்."

"என் போன்லயிருந்தா? நான் நாலாவதா வந்த பொண்ணுக்கு இல்ல போட்டேன்?"

"அதனாலதான் எட்டு."

நான்கு பாட்டு முடிந்து, எர்சாத் உடை மாற்ற உள்ளே போனான். விருந்தை நடத்துகிற தமதா மைக்கைப் பிடித்தார். மேசை மேசையாகக் கூப்பிட்டு வாழ்த்தச் சொல்வது அவர் வேலை.

"அடுத்து மேடையோரத்து மேசை. பெரியவங்க ரெண்டு பேரும் எழுந்து வாழ்த்தணும். நீங்க எந்த வீடு, என்ன உறவுன்னும் சொல்லிடுங்க."

மைக் ராபிகாவின் கைக்கு வந்தது.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைப் பார்த்தார்கள். எர்சாத் பாடும்போது அடங்காத மண்டபம் இப்போது சத்தமில்லாமல் இருந்தது.

"நாங்க..." என்று ஆரம்பித்த ராபிகா, மைக்கைத் தொலெகென் பக்கம் நீட்டினாள். மாட்டிக்கொண்டால் ஊரெல்லாம் பரவிவிடும். இனி எந்த மண்டபத்திலும் விட மாட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா கம்ஷாத் எழுந்து அவர்களை நோக்கி வந்தாள்.

தொலெகென் மைக்கை வாங்கி உள்ளங்கையால் மூடினார். காது சிவந்திருந்தது.

"அம்மா, நாங்க எந்த வீடும் இல்லை," என்றார் தணிந்த குரலில். "கூப்பிடாமத்தான் வந்தோம். இவளை ஒண்ணும் சொல்லாதீங்க. இவ பாட்டுக் கேக்க வந்தா. நான்தான் சாப்பாட்டுக்காக வந்தேன்."

முழுப் பொய். ராபிகா திரும்பி அவரையே பார்த்தாள்.

கம்ஷாத் மைக்கை எடுத்துக்கொண்டாள். "இவங்க எங்க வீட்டுப் பெரியவங்க. அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு வாழ்த்துவாங்க. நீங்கள்லாம் சாப்பிடுங்க," என்றாள் சபையைப் பார்த்து.

கரண்டிச் சத்தம் மறுபடி கிளம்பியது.

அவள் மைக்கை அணைத்துவிட்டு, ராபிகாவின் பக்கம் குனிந்தாள்.

"மன்னிச்சுக்குங்க அக்கா, தமதாகிட்ட முன்கூட்டியே சொல்ல மறந்துட்டேன். பாட ஒத்துக்கறதுக்கு எர்சாத் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான். எந்தக் கல்யாணத்துக்கும் இதேதானாம். மேடைக்குப் பக்கத்துல ரெண்டு நாற்காலி போட்டு வைங்க, ஒரு அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் வருவாங்க, யாருன்னு கேக்காதீங்க, அவங்க முகத்தைப் பாத்தாத்தான் எனக்குப் பாட்டு வரும்னான்."

ராபிகா மேடையைப் பார்த்தாள். எர்சாத் புதுச் சட்டையில், பொத்தானைப் போட்டபடி வந்துகொண்டிருந்தான்.

"கூப்பிடாம வர்றதா அவங்க நினைச்சுக்கிட்டிருக்காங்க, அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்துடாதீங்கன்னும் சொன்னான்," என்றாள் கம்ஷாத். "தயவு செஞ்சு, தெரிஞ்சதாக் காட்டிக்காதீங்க."