கடைசி பேட்டரி

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பேட்டரி. கேட்டு நின்றவை இரண்டு தெருக்கள்.

இரண்டுமே மின்சார லைனின் கடைசியில் இருப்பவை. பகலில் மொட்டை மாடி சோலார் பலகைகள் புண்ணியத்தில் கரண்டுக்குப் பஞ்சமில்லை. வெயில் இறங்கி ஊரே விளக்கும் ஏசியும் போடும்போது முதலில் இருண்டுபோவது இந்தத் தெருக்கள்தான். பகலில் மிஞ்சுவதைப் பிடித்துவைத்து அந்த நேரத்தில் கொடுக்கத்தான் பேட்டரி.

எந்தத் தெருவுக்கு என்று அன்று மதியத்துக்குள் முடிவாக வேண்டும். வரைபடத்துக்கு முன்னால் நானும் கஞ்சன் சாரும் நின்றிருந்தோம்.

சார் என் மேலதிகாரி. கஞ்சன் என்பது ஆபீஸ் வைத்த பெயர். காலி அறையில் ஃபேன் சுற்றினால் அவருக்கு வயிறு எரியும். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் என் மேசை விளக்கை அணைத்திருப்பார்.

யார் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருக்கிறதோ அந்தத் தெருவுக்கே முதல் உரிமை. இரண்டிலும் இருந்தால், எது அதிக நேரம் ஓடுகிறதோ அதற்கு. இது எங்கள் வழக்கம்.

முதல் தெருவில் ஒரு குழந்தை என்று அவர்கள் தந்த மனுவில் இருந்தது. மெஷின் அது தூங்கும்போது மட்டும் ஓடுகிறது.

இரண்டாவது தெருவில் ஒரு வீட்டு மெஷின் ராத்திரி பகல் நிற்பதே இல்லை. கணினித் திரையில் அதன் மீட்டர் கோடு ஒரே மட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு வீடுகள் வெறும் எண்கள்தான், ஆள் யாரென்று தெரியாது. ஆனால் மெஷின் இப்படி விடாமல் ஓடினால், உள்ளே இருப்பவர் எந்த நிலையில் இருப்பார் என்றுகூடவா தெரியாது?

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, இரண்டாவது தெருவுக்குத்தான் என்றேன்.

குழந்தையின் தெருவுக்கு என்றார் சார். காரணம் சொல்லவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. கரண்ட் போனால் குழந்தையை எழுப்பி மடியில் வைத்துக்கொள்ளலாம், அந்த வீட்டில் அதற்கும் வழியில்லை என்றேன். படுத்த படுக்கையாக ஒரு உயிர், பக்கத்திலேயே கண் கொட்டாமல் ஒருவர், இவர்களையா இருட்டில் விடச் சொல்கிறீர்கள் என்று அழாத குறையாகக் கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த மெஷின்ல இப்ப யாரும் மூச்சு விடலம்மா. அது என் வீடு. அவ போனப்புறம் சும்மா சத்தத்துக்காக ஓட விடுறேன்."

நான் சேருவதற்கு முன்பே அவர் மனைவி தவறிவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். எப்படி என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அவரே எழுதுகோலை எடுத்து, குழந்தையின் தெருமுனையில் பேட்டரிக்கான குறியைப் போட்டார்.

பேட்டரி பொருத்திய வாரமே ஒரு மாலையில் இரண்டு தெருக்களிலும் கரண்ட் போனது. குழந்தையின் தெருவில் பேட்டரி கை கொடுத்தது, ஒரு விளக்குகூட அணையவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். என் கண்ணோ திரையில் சார் வீட்டு மீட்டர் கோட்டிலேயே இருந்தது. அது விழுந்து அடியில் கிடந்தது.

என் ஃபோன் அடித்தது. சார்தான். எந்த லைன் எப்போது போகும், எப்போது திரும்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர். அவருக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"கரண்ட் எப்ப வரும்மா?"

இதோ வந்துவிடும் சார் என்றேன். வர நேரமாகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.