சுருதி நடுக்கம்

"நீ கை வெச்சதுக்கு அப்புறம்தான் இந்த நடுக்கம்! சுருதி ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது!"

கீபோர்டைக் காட்டி கோதண்டராமன் போட்ட சத்தத்தில் செஞ்சி பஜாரில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

ரஞ்சனி கீபோர்டு, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடையைத் தனியாக ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கோதண்டராமன் கச்சேரிக் குழு நடத்துகிறவர். அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் போதும், ஒரு கலைஞனும் இந்தக் கடைப் படி ஏறமாட்டான்.

"போன மாசம் கீபோர்டு கட்டைங்களை மட்டும்தான் சார் கிளீன் பண்ணேன்."

"அப்ப பேய் வந்து கெடுத்துச்சா?"

"ஏங்க அந்தப் பொண்ண பயமுறுத்தறீங்க?" என்றார் கூட வந்திருந்த தனகோட்டி. குழுவின் பாடகி. "நாந்தாம்மா இவரை இழுத்துகினு வந்தேன். நான் பாடறப்ப இது ஆடுது. நாளைக்கு சிங்கவரத்துல கச்சேரி. எப்படியாவது சரி பண்ணிடு."

பழைய அனலாக் சிந்தசைசர் அது. சுருதியை அலையவிடுவது மாடுலேஷன் சர்க்யூட். ஓரத்திலிருக்கும் சக்கரத்தைத் திருப்பினால்தான் அது வேலை செய்யவேண்டும். ஆனால் சக்கரத்தை முழுசாக இறக்கி வைத்தும் சுருதி நடுங்கியது.

மூடியைக் கழற்றினாள். மீட்டர் வைத்துப் பார்த்தாள். சக்கரம் நன்றாக இருந்தது. கண்டென்சர்களும் பழுதில்லை.

அப்புறம்தான் பார்த்தாள். போர்டுக்கு அடியில், சக்கரத்தைத் தாண்டிக்கொண்டு போன ஒரு மெல்லிய ஒயர். ஈயம் இன்னும் பளபளத்தது. சக்கரம் இறங்கியிருந்தாலும் சுருதி ஆடும்படி யாரோ வேண்டுமென்றே பற்ற வைத்தது.

அவள் வைத்ததில்லை. யார் நம்புவார்கள்?

"சார்... உள்ள யாரோ ஒரு ஒயரை..."

"வாயை மூடு!" சட்டென்று தனகோட்டி பக்கம் திரும்பினார். "நீங்க போய் டீ சாப்டுட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

தனகோட்டி போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

ரஞ்சனி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "சத்தியமா நான் வெக்கல சார்!"

"தெரியும். நாந்தான் வெச்சேன்."

அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

"காய்ச்சல்ல படுத்து எழுந்ததுலேர்ந்து அவங்க குரல் நடுங்குதும்மா. அது அவங்களுக்கே தெரியல. தெரிஞ்சா அன்னிலேர்ந்து மைக்கைத் தொடமாட்டாங்க. மிஷின்தான் ஆடுதுன்னு நெனச்சிகினு பாடிகினு இருக்காங்க. அவங்க நம்பணும்னுதான் உன் மேல கத்தினேன். தப்புதான்."

ரஞ்சனி ஒயரை அப்படியே விட்டு, மூடியைத் திருகினாள்.

ஷட்டருக்கு வெளியே தனகோட்டியின் குரல் கேட்டது. "இன்னாம்மா, சரியாயிடுச்சா?"

ரஞ்சனி ஷட்டரை மேலே தள்ளினாள். பக்கத்துக் கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"இல்லீங்கம்மா," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "நாந்தான் கெடுத்துட்டேன். இனிமே இதை யாராலயும் சரி பண்ண முடியாது."