சண்டைக் காலத்து அறிக்கை

இப்போதெல்லாம் எவனும் ஆளை நம்புவதில்லை, காகிதத்தைத்தான் நம்புகிறான். சிறுசேரி கம்பெனியில் வேலை செய்யும் ஹரிப்ரியாவும் ஒரு காகிதத்தோடுதான் திருக்கழுக்குன்றம் டீக்கடைக்கு என்னைத் தேடி வந்தாள்.

“எழுபத்தொன்னு சண்டையில நீங்க இருந்த விமானந்தாங்கிக் கப்பலோட அறிக்கைங்க ஐயா. எழுதின விமானி எங்க தாத்தா.”

“அதுக்கு இன்னாவாம்?”

அவள் படித்தாள். “அதிக வேகத்தில் வந்து இறங்கினேன். விமானத்தை நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டியிருந்த கம்பி அறுந்தது. விமானம் கடலில் விழுந்தது. தவறு என்னுடையது.”

காகிதத்தை மடித்தாள். “உயிர் தப்பினார். ஆனா அப்புறம் அவரைப் பறக்கவே விடலை. சாகுற வரைக்கும் தலைகுனிஞ்சே இருந்தார். நெஜமாவே வேகமா வந்தாரா?”

“பொய். கிழிச்சிப் போடு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வர்ற விமானத்தோட எடைக்கு ஏத்த மாதிரி கம்பியோட இறுக்கத்த மாத்தி வெக்கணும். ரெண்டு நாளா தூக்கமில்ல. லேசான விமானத்துக்கு வெச்சத மாத்தாம வுட்டுட்டேன். அவரு கனமானத ஓட்டினு வந்தாரு.”

“நீங்களா?”

“நான்தான். அன்னிக்கே அவராண்ட சொல்லிட்டேன்.”

திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அப்போ உங்களைக் காப்பாத்தத்தான் இப்படி எழுதியிருக்கார்.”

“போம்மா! ஆபீசராவது, கம்பி கட்டுறவனுக்காவ பொய் எழுதுறதாவது! உள்ள வேற இன்னாவோ கீது.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தேன்.