அறுப்பு முடியட்டும்

கறுப்புக் காகிதத்தை நாலாக மடித்து பூட்ஸுக்குள் செருகிக்கொண்டார் இமானாலி. "அறுப்பு முடியட்டும். அதுவரைக்கும் நீயும் வாயைத் திறக்காதே."

"நான் எதுக்கு மாமா திறக்கப்போறேன்?" என்றான் தபால்காரன் கெங்கேஷ். போர்முனையில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தவனுக்கு இந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். கறுப்புக் காகிதம் என்று ஊரார் சொல்லும் சாவுச் செய்தியைச் செத்தவன் வீட்டார் கையில் நேராகக் கொடுப்பது அந்தக் கிர்கிஸ் மலையடிவாரத்தில் வழக்கமில்லை. உறவில் ஒருவரிடம் கொடுப்பான். அவர் நேரம் பார்த்து, ஊரைக் கூட்டி, முறையாகச் சொல்வார்.

செத்தவன் துர்தாலி, இமானாலியின் அண்ணன் மகன். அவன் மனைவி ஷரிப்பா வயலின் மறுகோடியில் கோதுமை அறுத்துக்கொண்டிருந்தாள்.

போர் தொடங்கி மூன்றாவது கோடை. கூட்டுப் பண்ணையில் மிச்சமிருந்தது பதினோரு அரிவாள், பதினொன்றும் பெண்கள் கையில். அதில் ஷரிப்பாதான் முன்வரிசை. அவள் ஒப்பாரிக்கு உட்கார்ந்தால் மற்ற பத்துப் பேரும் கூட உட்கார வேண்டும், ஏழு நாள். அறுப்பு அத்தனை நாள் தள்ளிப்போனால் மலை மேல் மேகம் பொறுக்காது. கதிர் நனைந்தால் போர்முனைக்கும் ரொட்டி இல்லை, ஊருக்கும் இல்லை.

கெங்கேஷ் குதிரையை நேரே ஷரிப்பா இருந்த பக்கம் விட்டான். சொல்லிவிடுவானோ என்று இமானாலி நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். அவன் தண்ணீர் வாங்கிக் குடித்தான், குனிந்து இரண்டு வார்த்தை பேசினான், ஆற்றுப் பாதையில் போய்விட்டான். அவள் காலிக் கிண்ணத்தோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குனிந்து அரிவாளை எடுத்தாள்.

"என்னவாம் அவனுக்கு?" என்று மதியம் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"வெயில் ஜாஸ்தியாம்," என்றாள் ஷரிப்பா.

அறுப்பு மேற்பார்வை இமானாலிக்குத்தான். அன்று முதல் அவளுக்கு முள் இல்லாத பக்கமாகப் பார்த்து வரிசை ஒதுக்கினார். தன் பங்கு ரொட்டியில் பாதியை அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளுக்கும் பிட்டுக் கொடுத்தார். கேட்டால் பல் வலி என்றார்.

ஆனால் அவளும் சும்மா இருக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கிண்ணம் புளித்த பால் இருக்கும். கிழிந்து தொங்கிய அவர் கோட்டுக்குக் கை தைத்துக் கொடுத்தாள். மனைவி போன பிறகு அவர் வீட்டுப் பக்கம் ஊசி எடுத்து யாரும் வந்ததில்லை. அவள் கவனிக்கக் கவனிக்க, பூட்ஸுக்குள் காகிதம் குத்தியது.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"சாப்பிடுங்க மாமா. உடம்பு தாங்கணுமில்ல."

மற்ற பெண்கள் சும்மா விடுவார்களா? "மாமனாருக்குக் கவனிப்பு பலமா இருக்கே ஷரிப்பா, வரிசையைப் பாதியாக் குறைச்சுடுவாருன்னா?" என்றாள் ஒருத்தி.

"கிழட்டுக் காளை. அறுப்பு முடியறவரைக்கும் விழாம இருக்கணுமில்ல," என்றாள் ஷரிப்பா, தலை நிமிராமல்.

எல்லோரும் சிரித்தார்கள். இமானாலியும் சிரித்து வைத்தார்.

ஒரு மதியம் கதிர்க்கட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது அவளே பேச்செடுத்தாள். "எசென் கடிதம் ஏதும் வந்துதா மாமா?"

எசென் அவருடைய ஒரே மகன். துர்தாலியும் அவனும் ஒரே வண்டியில் ஏறிப் போனவர்கள்.

"வசந்தத்துல ஒண்ணு வந்துது. அவன் எழுதச் சோம்பேறி. பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான்." சொல்லிவிட்டு, அவள் புருஷனைப் பற்றித் தான் கேட்காதது உறைத்தது. அவள் அரிவாளை எடுத்துத் தீட்டிக் கொடுத்தார். அவளும் அதை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

பதினேழாம் நாள் கடைசி மூட்டையும் வண்டி ஏறியது. வண்டி ஆற்றைத் தாண்டும்போது முதல் தூறல் விழுந்தது. இமானாலி பூட்ஸைக் கழற்றிக் காகிதத்தை எடுத்தார். எழுத்து வியர்வையில் கலங்கியிருந்தாலும் பெயர் தெரிந்தது. வீட்டுக்குப் போய் முகம் கழுவி, நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு, காகிதத்தைத் தொப்பிக்குள் வைத்து, பெரியவர்கள் நாலு பேரைக் கூப்பிடக் கிளம்பினார்.

முதல் வீட்டில் யாருமில்லை. இரண்டாவது வீட்டிலும் இல்லை. மூன்றாவது வீட்டில் நாய் மட்டும் இருந்தது, அதுவும் குரைக்கவில்லை. ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு ஈரத்தோடு திரும்பினார்.

பெரியவர்கள் அவர் வீட்டு முற்றத்தில்தான் இருந்தார்கள், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு. பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். கொட்டகையில் கம்பளி விரித்திருந்தது, தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தின் கடைசியில் கெங்கேஷ் கட்டைக்காலையே பார்த்தபடி நின்றான்.

விஷயம் கசிந்துவிட்டது என்று நினைத்தார் இமானாலி. போகட்டும், கூட்டும் வேலை மிச்சம். ஆனால் ஷரிப்பா அழவில்லை. தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி எதிரே வந்தாள்.

"மருமகளே, நான் ஒரு விஷயம்…" என்று தொப்பியில் கை வைத்தார்.

அவள் அவர் தோளைப் பிடித்து, கொட்டகை நடுவில் போட்டிருந்த மெத்தையில் உட்கார வைத்தாள். கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள்.

"மனசைத் திடமா வச்சுக்குங்க மாமா," என்றாள். "நம்ம எசென் வரமாட்டான்."